மேற்கு மாம்பலத்தின் ஸ்டோர் வீடுகள்

ஸ்டோர் வீடு என்பது, ஒரே மனையில் பல குடும்பங்கள் வாடகைக்குக் குடியிருப்பதற்காக வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட சிறு வீடுகளின் தொகுதி ஆகும். வரிசையில் உள்ள ஒவ்வொரு வீடும் "போர்ஷன்" எனப்பட்டது. இரண்டு போர்ஷன்களுக்கு நடுவே ஒரே சுவர்தான் இருக்கும். கிணறு, துவைக்கும் கல், குளியலறை, கழிப்பறை ஆகியவை எல்லோருக்கும் பொது. சென்னையில் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மேற்கு மாம்பலம் ஆகிய பகுதிகளில் இருபதாம் நூற்றாண்டில் இவ்வகை வீடுகள் மிகுதியாக இருந்தன. மாதச் சம்பளக்காரர்களான நடுத்தர, கீழ் நடுத்தரக் குடும்பங்களுக்கு நகரத்தில் கிடைத்த முதல் வீடு பெரும்பாலும் ஒரு ஸ்டோரின் போர்ஷனாகவே இருந்தது. இன்று அவற்றில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன.

சென்னையின் கட்டடக்கலை வரலாற்றை எழுதுவோர் உயர் நீதிமன்றம், சேப்பாக்கம் அரண்மனை, செனட் இல்லம் போன்ற பெரிய கட்டடங்களைப் பற்றியே மிகுதியாக எழுதியுள்ளனர். நகரத்தின் பெரும்பகுதி மக்கள் வாழ்ந்த வீடுகளைப் பற்றிய பதிவுகள் குறைவு. மேற்கு மாம்பலத்து ஸ்டோர் வீடுகள் எதனால் தோன்றின, எப்படிக் கட்டப்பட்டன, ஏன் மறைந்து வருகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஏரியும் இருப்புப்பாதையும்

இன்றைய தியாகராய நகர் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் பெரிய ஏரி இருந்தது. நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டிருந்ததால் ஆங்கிலேயர் அதை நீண்ட ஏரி என்று அழைத்தனர். அதன் தென்பகுதி மாம்பலம் ஏரி எனப்பட்டது. 1920-ஆம் ஆண்டு சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தபின், 1920-களில் ஏரி வற்றவைக்கப்பட்டு, அந்த நிலத்தில் புதிய குடியிருப்பு திட்டமிடப்பட்டது. நீதிக்கட்சித் தலைவர் பி. தியாகராய செட்டியாரின் பெயரால் அது தியாகராய நகர் ஆயிற்று. பனகல் பூங்காவை மையமாகக் கொண்டு அகலமான சாலைகளும் பெரிய மனைகளும் பிரிக்கப்பட்டன.

இருப்புப்பாதைக்கு மேற்கே இருந்த பகுதி இந்தத் திட்டத்திற்குள் வரவில்லை. அது பழைய கிராமமாக இருந்து, தெருத்தெருவாகத் தானே வளர்ந்தது. கோதண்டராமர் கோயில், காசி விசுவநாதர் கோயில் ஆகியவற்றைச் சுற்றி இருந்த தெருக்களிலிருந்து குடியிருப்புகள் பரவின. தோட்டங்களும் வயல்களும் குறுகிய முகப்பும் நீண்ட ஆழமும் கொண்ட மனைகளாகப் பிரிக்கப்பட்டன. தெருவைப் பார்த்த முகப்பு இருபது, முப்பது அடியும், பின்னோக்கிய நீளம் நூறு அடிக்கு மேலும் இருக்கும் மனையில் தனி வீடு கட்டினால் பின்பகுதி வீணாகும். அதே மனையில் ஒரு நடைபாதையை விட்டு, அதை ஒட்டி வரிசையாகப் போர்ஷன்களைக் கட்டினால் ஐந்தாறு வாடகை கிடைக்கும். ஸ்டோர் வீட்டின் வடிவம் மனையின் இந்த வடிவத்திலிருந்து பிறந்தது.

ஏரி மறைந்தாலும் அதன் பெயர் மறையவில்லை. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ சாலை உள்ளது. அந்தச் சாலையிலிருந்து பார்க்க இப்போது ஏரி எதுவும் இல்லை.

மின்சார ரயில் கொண்டுவந்த குடித்தனக்காரர்கள்

1931-ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் நிலையத்தில் ஏறினால் எழும்பூர், பூங்கா, கோட்டை, கடற்கரை நிலையங்களை விரைவில் அடையலாம். கோட்டையில் இருந்த தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், துறைமுகம், பாரிமுனை வணிக நிறுவனங்கள் ஆகிய இடங்களில் வேலை பார்த்த குமாஸ்தாக்கள், தட்டச்சர்கள், கணக்கர்கள் ஆகியோருக்கு இது பெரும் வசதியாக இருந்தது. தியாகராய நகரில் மனை வாங்க வசதியில்லாதவர்கள் இருப்புப்பாதையின் மறுபக்கம் வாடகைக்கு வந்தனர். தஞ்சாவூர், திருச்சி, திருநெல்வேலி போன்ற மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்கள் இவர்களில் பலர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீட்டுத் தட்டுப்பாடு கடுமையாயிற்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை நகரின் மக்கள்தொகை 1941-இல் சுமார் 7.77 லட்சமாகவும் 1951-இல் சுமார் 14.16 லட்சமாகவும் இருந்தது. இடையில் நகர எல்லை விரிவாக்கப்பட்டதும் இந்த உயர்வுக்கு ஒரு காரணம். எப்படியானாலும், பத்தே ஆண்டுகளில் நகரம் ஏறக்குறைய இருமடங்கு மக்களுக்கு இடம் கொடுக்க வேண்டியிருந்தது. அரசு கட்டிய வீடுகள் போதவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்களில் முக்கியமானவர்கள், சேமிப்பைப் போட்டு ஸ்டோர் கட்டிய தனியார்.

தரைத்திட்டம்

ஸ்டோர் வீடு அக்ரகார வீட்டின் உறுப்புகளை எடுத்துக்கொண்டு அவற்றைச் சுருக்கியும் பிரித்தும் அமைத்தது எனலாம். அக்ரகார வீட்டில் தெருவிலிருந்து திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், சமையலறை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வரும். பக்கத்து வீட்டுடன் சுவர் ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் சன்னல் வைக்க முடியாது. வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாகவே உள்ளே வரும்.

ஸ்டோரிலும் இதே சிக்கல் இருந்தது. அங்கே முற்றத்தின் வேலையைப் பொது நடைபாதை செய்தது. தெருவாசலில் நுழைந்தால் நான்கைந்து அடி அகலமுள்ள, மேலே திறந்த நடைபாதை கொல்லை வரை நேராகச் செல்லும். அதன் ஒரு பக்கத்திலோ இரு பக்கத்திலுமோ போர்ஷன்களின் வாசல்கள் இருக்கும். ஒவ்வொரு போர்ஷனுக்கும் முன்னால் ஒரு சிறு திண்ணை அல்லது தாழ்வாரம், உள்ளே பத்தடிக்குப் பத்தடி அளவில் ஒரு கூடம், அதற்குப் பின்னால் அதைவிடச் சிறிய சமையலறை ஆகியவை பொதுவான அமைப்பு. சற்று வசதியான போர்ஷன்களில் கூடுதலாக ஓர் அறை இருக்கும். சமையலறையின் மூலையில் பாத்திரம் கழுவும் தொட்டிமுற்றம், சுவரில் விளக்கு மாடம், உயரத்தில் சாமான் வைக்கும் பரண் ஆகியவையும் உண்டு.

வீட்டுக்காரர் பெரும்பாலும் தெருவைப் பார்த்த முன்பகுதியிலோ மாடியிலோ குடியிருந்தார். அவருடைய பகுதிக்கு மட்டும் பெரிய திண்ணையும், வேலைப்பாடுள்ள நிலைக்கதவும், தனிக் குளியலறையும் இருக்கும். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு தனி வீடு போலவே தோன்றும். பின்னால் எட்டு, பத்துக் குடும்பங்கள் இருப்பது வாசலைத் தாண்டி உள்ளே சென்றால்தான் தெரியும்.

சுவரும் கூரையும்

பழைய ஸ்டோர்களின் சுவர்கள் நாட்டுச் செங்கல்லால் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டப்பட்டன. வெளிச்சுவர் ஒன்பது அங்குலக் கனம். ஒரு வரிசையில் கற்களை நீளவாக்கிலும் அடுத்த வரிசையில் குறுக்குவாக்கிலும் மாற்றி மாற்றி அடுக்குவார்கள். இங்கிலாந்தில் செங்கல் வீடுகளில் வழங்கிய இந்த முறை பொதுப்பணித் துறை வழியாக இங்கே பரவியது. சென்னைக் கொத்தனார்கள் இன்றும் இதை "இங்கிலீஷ் பாண்டு" என்றே சொல்கின்றனர். செலவைக் குறைப்பதற்காகப் போர்ஷன்களுக்கு இடைப்பட்ட சுவரை நாலரை அங்குலக் கனத்தில் கட்டுவதும் உண்டு. ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டில் கேட்டதற்கு இந்த மெல்லிய சுவரே காரணம்.

சுண்ணாம்பு பெரும்பாலும் கிளிஞ்சலைச் சுட்டு எடுக்கப்பட்டது. எண்ணூர், பழவேற்காடு பகுதிகளின் கழிமுகங்களில் கிளிஞ்சல் ஏராளமாகக் கிடைத்தது. சென்னையின் சுண்ணாம்புப் பூச்சு பளிங்கு போல மின்னுவதை ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதியுள்ளனர். ஸ்டோர் வீடுகளுக்கு அந்த உயர்ந்த பூச்சு கிடைக்கவில்லை. சாதாரணப் பூச்சின்மேல் ஆண்டுக்கொருமுறை பொங்கலுக்கு வெள்ளையடிப்பதோடு சரி.

கூரை இரண்டு வகை. ஒன்று, பனை அல்லது மரச் சட்டங்களின்மேல் நாட்டு ஓடு அல்லது மங்களூர் ஓடு வேய்ந்த சாய்கூரை. மற்றொன்று, "மெட்ராஸ் டெரஸ்" எனப்படும் தட்டைக் கூரை. சென்னையின் பெயரையே தாங்கிய இந்தக் கட்டுமுறையைச் சற்று விரிவாக அறிவது பயனுள்ளது.

முதலில் சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரங்களை வைத்து, அவற்றின்மேல் குறுக்கே தேக்குச் சட்டங்களை நெருக்கமாகப் பரப்புவார்கள். சட்டங்களின்மேல் அச்சுக்கல் என்னும் மெல்லிய சிறு செங்கற்களை, சுண்ணாம்புக் காரையில் தோய்த்து, செங்குத்தாக நிறுத்தி, மூலைவிட்டமாக வரிசைவரிசையாக ஒட்டிச் செல்வார்கள். கற்களுக்குக் கீழே பலகையோ முட்டோ கிடையாது. ஒன்றையொன்று பற்றிக்கொண்டே அவை நிற்கும். அது காய்ந்தபின் உடைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை ஏறக்குறைய மூன்று அங்குலம் பரப்பி, மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். வரிசையாக உட்கார்ந்து இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண் தொழிலாளர்கள். அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைத் தெளிப்பார்கள். இது சுண்ணாம்பு மெல்ல இறுகவும் நீர் கசியாதிருக்கவும் உதவியது. இறுதியாகத் தட்டோடுகளைச் சுண்ணாம்புக் காரையில் பதித்து, மழைநீர் வடியச் சற்றுச் சாய்வாக முடிப்பார்கள்.

இவ்வாறு அமைந்த கூரை கனமானது. பகல் வெப்பம் உள்ளே இறங்க நெடுநேரமாகும். அதனால் மின்விசிறி இல்லாத காலத்திலும் கூடத்தில் பகலில் இருக்க முடிந்தது. இரவில் மொட்டைமாடி பொதுப் படுக்கையறை ஆயிற்று. ஆனால் சுண்ணாம்பு உதிர்ந்து நீர் உள்ளே இறங்கினால் உத்தரங்களின் முனைகள் சுவருக்குள் மக்கத் தொடங்கும். ஆகவே ஆண்டுதோறும் பராமரிப்பு தேவை. அது நின்றபோது இந்தக் கூரைகளும் விழத் தொடங்கின.

கிணறும் குழாயும்

ஸ்டோரின் வாழ்க்கை கொல்லைப்புறக் கிணற்றைச் சுற்றியே நடந்தது. பழைய ஏரிப் பகுதியானதால் மேற்கு மாம்பலத்தில் நிலத்தடி நீர் ஆழமின்றிக் கிடைத்தது. குளிக்கவும் துவைக்கவும் கிணற்று நீர், குடிக்கவும் சமைக்கவும் மாநகராட்சிக் குழாய் நீர் என்று பிரித்துக்கொண்டனர். குழாயில் விடியற்காலையில் சிறிது நேரமே தண்ணீர் வரும். பிற்காலத்தில் அழுத்தம் குறைந்தபோது தெருமட்டத்துக்குக் கீழே குழி தோண்டி அடிபம்பு பொருத்தினார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இத்தனை குடம் என்று முறை வைத்துக்கொண்டனர். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தையும் வாடகைக் குடித்தனத்தையும் ஒன்றாகப் பார்க்க விரும்புவோர் அசோகமித்திரனின் "தண்ணீர்" நாவலைப் படிக்கலாம்.

தாழ்வான நிலம் வேறொரு தொல்லையையும் தந்தது. மழைநீர் வடியாமல் தேங்கும்; கொசு பெருகும். மாம்பலம் என்றாலே கொசுவும் யானைக்கால் நோயும் நினைவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. ஏரியின் நீர் வழிந்தோடிய பாதையில்தான் மாம்பலம் கால்வாய் இன்றும் அடையாற்றை நோக்கிச் செல்கிறது. பெருமழைக் காலங்களில் இப்பகுதித் தெருக்களில் நீர் தேங்குவதற்கு, நிலத்தின் இந்தப் பழைய வரலாறும் ஒரு காரணம்.

கட்டடமும் கட்டுப்பாடும்

ஸ்டோர் வீட்டை உறவும் ஒற்றுமையும் நிறைந்த இடமாக மட்டும் சித்திரிப்பது முழு உண்மையாகாது. நடைபாதையில் ஒரு குழந்தை விழுந்தால் நான்கு வாசல்களிலிருந்து ஆள் வருவார்கள் என்பது உண்மை. வேலைக்குப் போகும் தாயின் பிள்ளையைப் பக்கத்துப் போர்ஷன் மாமி பார்த்துக்கொண்டதும், ஒரே செய்தித்தாளை ஐந்து குடும்பங்கள் படித்ததும், நவராத்திரிக் கொலுவுக்கு எல்லா வாசலும் திறந்திருந்ததும் உண்மை. கே. பாலசந்தர் தம் நாடகத்தைத் திரைப்படமாக எடுத்த "எதிர் நீச்சல்" (1968), பல குடித்தனங்கள் உள்ள வீட்டின் இந்த உலகத்தையே களமாகக் கொண்டது. அதே படத்தின் மையத்தில், அந்த வீட்டில் எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து ஒட்டிக்கொண்டிருக்கும் அனாதை இளைஞன் மாது இருக்கிறான் என்பதும் கவனிக்கத்தக்கது.

கட்டுப்பாடுகளும் பல இருந்தன. பல ஸ்டோர்களில் மின்கட்டணம் "பாயின்ட்" கணக்கில் வசூலிக்கப்பட்டது. ஒரு விளக்குக்கு இவ்வளவு என்பது கணக்கு. இரவு குறிப்பிட்ட நேரத்துக்குமேல் விளக்கு எரியக்கூடாது, விருந்தினர் அதிக நாள் தங்கக்கூடாது, இத்தனை வாளித் தண்ணீருக்குமேல் எடுக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் விதிகள் வைத்தனர். காலையில் இரண்டு கழிப்பறைகளுக்கு முன்னால் பத்துக் குடும்பங்கள் காத்திருக்க வேண்டும். தனிமை என்பது யாருக்கும் கிடைக்கவில்லை. பெண்களுக்கு அது இன்னும் அரிது. மாதவிலக்கு நாள்களில் பெண்கள் கொல்லைப்புறத்தில் ஒதுங்கியிருந்ததை முழு ஸ்டோரும் அறிந்திருந்தது.

குடிவைப்பதில் சாதியும் பார்க்கப்பட்டது. ஒரே கிணறு, ஒரே நடைபாதை என்பதால், அவற்றை யாருடன் பகிர்வது என்பதை வீட்டுக்காரர் முன்கூட்டியே முடிவு செய்தார். "சைவர்களுக்கு மட்டும்" என்ற நிபந்தனைக்குப் பின்னால் பெரும்பாலும் சாதி இருந்தது. கழிப்பறைகளில் குழாயும் புதைசாக்கடையும் வருவதற்கு முன்பு, அவற்றைச் சுத்தம் செய்த தொழிலாளர்கள் நுழைவதற்கெனக் கொல்லையில் தனி வழி விடப்பட்டிருந்தது. தரைத்திட்டத்தில் அந்தச் சந்து ஒரு மெல்லிய கோடுதான். ஆனால் ஸ்டோரில் எதைப் பகிர்ந்தார்கள், யாரை விலக்கினார்கள் என்ற இரண்டையும் அது சேர்த்தே காட்டுகிறது.

வாடகைச் சட்டமும் பழுதும்

போர்க்கால வீட்டுத் தட்டுப்பாட்டின் விளைவாக வாடகைக் கட்டுப்பாடு வந்தது. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து 1960-இல் இயற்றப்பட்ட கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் ஐம்பது ஆண்டுகளுக்குமேல் நடைமுறையில் இருந்தது. குடித்தனக்காரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. நியாய வாடகையை நீதிமன்றமே முடிவு செய்யும். குறைந்த சம்பளக்காரர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு.

ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. விலைவாசி ஏறியபோது பழைய வாடகை ஏறவில்லை. பத்துப் போர்ஷன்களின் வாடகையைச் சேர்த்தாலும் கூரையைப் பிரித்துப் புதுப்பிக்கப் போதாத நிலை வந்தது. வீட்டுக்காரர் பழுது பார்ப்பதை நிறுத்தினார். மக்கிய உத்தரத்துக்குப் பதில் இரும்புச் சட்டமும், உடைந்த ஓட்டுக்குப் பதில் ஆஸ்பெஸ்டாஸ் தகடும் வந்தன. சட்டத்தின் 14-ஆவது பிரிவு, பழுது பார்ப்பதற்கோ இடித்துக் கட்டுவதற்கோ குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்ல இடமளித்தது. பல ஸ்டோர்களின் கதை இந்தப் பிரிவின் கீழ் நடந்த வழக்கோடு முடிந்தது. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் ஸ்டோர்களில் பெரும்பகுதி போய்விட்டது.

1970-களிலும் 1980-களிலும் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகின. ஸ்டோர் இருந்த நீண்ட மனை கட்டுநர்களுக்கு ஏற்றதாக இருந்தது. கீழே வாகனம் நிறுத்துமிடம், மேலே தளத்துக்கு இரண்டு மூன்று வீடுகள் என்று கட்டினால், உரிமையாளருக்கும் கட்டுநருக்கும் லாபம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கழிப்பறையும் தனி மின்மீட்டரும் கிடைத்தது உண்மையான முன்னேற்றமே. எனினும் அந்த வீடுகளை வாங்கியவர்கள் வேறு. அதே இடத்தில் முன்பு வாடகைக்கு இருந்தவர்கள் வேறு. பழைய குடித்தனக்காரர்களில் பலர் நங்கநல்லூர், குரோம்பேட்டை, தாம்பரம் என்று அதே மின்சார ரயில் பாதையில் இன்னும் தொலைவுக்குச் சென்றனர்.

பிற நாடுகளில்

ஒட்டுச்சுவர் வரிசை வீடு சென்னைக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிலாளர்களுக்கென இவ்வாறு செங்கல் வீடுகள் வரிசைவரிசையாகக் கட்டப்பட்டன. பர்மிங்காம் நகரில் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள் ஒரு பொது முற்றத்தைச் சுற்றி அமைந்தன. குழாய், துவைக்குமிடம், கழிப்பறை எல்லாம் அந்த முற்றத்தில் பொதுவாக இருந்தன. காற்றோட்டமில்லாத இத்தகைய வீடுகளைப் புதிதாகக் கட்டுவதை 1909-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. பின்னர் அவை பெருமளவில் இடிக்கப்பட்டன. எஞ்சிய ஒரு முற்றத்து வீடுகளை மட்டும் சீர்செய்து, 2004 முதல் தேசிய அறக்கட்டளை பொதுமக்களுக்குக் காட்டி வருகிறது. அங்கே குடியிருந்த ஏழைக் குடும்பங்களின் வாழ்க்கையே அந்தக் காட்சியின் பொருள்.

மும்பையின் சால் குடியிருப்புகளும், இலங்கை மலையகத் தோட்டத் தமிழர்களின் லயன் அறைகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றைக் கட்டியவர்களும் கட்டிய நோக்கமும் வேறுவேறு. குறைந்த செலவில், குறைந்த இடத்தில், மிகுந்த பேரைக் குடியமர்த்துவது என்ற கணக்கு மட்டும் ஒன்றே.

பதிவின் தேவை

தமிழ்நாட்டில் மரபுக் கட்டடங்களைக் காக்கும் முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. 2010-ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சென்னையின் மரபுக் கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காக்கும் பணி வலுப்பெற்றது. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் தென்னிந்தியக் கிராம வீடுகள் பெயர்த்து வந்து மீண்டும் கட்டப்பட்டுள்ளன. அக்ரகார வீடும் அவற்றில் உண்டு. ஆனால் ஸ்டோர் வீடு கிராமத்து வீடுமில்லை, அழகுக்காகப் பட்டியலில் இடம்பெறும் மாளிகையுமில்லை. அதனால் இரண்டு வகையிலும் அது விடுபடுகிறது.

எஞ்சியுள்ள ஸ்டோர்கள் எல்லாவற்றையும் காப்பது இயலாது. அங்கே வாழ்வோரிடம் வசதிக்குறைவைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதும் முறையன்று. செய்யக்கூடியது பதிவு. இடிப்பதற்கு முன் தரைத்திட்டத்தை அளந்து வரைவது, சுவர், கூரை, கிணறு ஆகியவற்றை ஒளிப்படம் எடுப்பது, அங்கே குடியிருந்த மூத்தவர்களிடம் வாடகை, தண்ணீர் முறை, வீட்டு விதிகள் பற்றிக் கேட்டு எழுதுவது, பழைய வாடகை ரசீதுகளையும் வழக்குக் காகிதங்களையும் படியெடுத்து வைப்பது ஆகியவை பெரும் செலவில்லாத வேலைகள். கட்டடக்கலை மாணவர்களுக்கும் வரலாற்று மாணவர்களுக்கும் இவை நல்ல களப்பணியாக அமையும். மெட்ராஸ் டெரஸ் போடத் தெரிந்த கொத்தனார்கள் இன்று மிகச் சிலரே. ஸ்டோரில் வளர்ந்து அதன் கதைகளைச் சொல்லக்கூடியவர்களும் முதுமையை அடைந்துவிட்டனர். ஆகவே இந்தப் பணியை இப்போதே தொடங்க வேண்டும்.